ஏழுமலையோடு பாம்பன் போன கதை

ஏழுமலை இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ராயபுரம் ரயில் நிலைய வாசலில் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தான். வழக்கம்போல ஆளைக் காணோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. இன்றைக்கு வரட்டும், நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். செல்போன் அடித்தது. அவன் மகள்.

"மாமா, நைனாவுக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனோம். வழியிலயே உயிர் பூட்ச்சி மாமா" என்று அழுதாள்.

எங்கே போனாலும் தாமதமாகப் போகிறவன் இதற்கு மட்டும் முந்திக்கொண்டான்.

நமது எண்ணூர் குப்பத்து நண்பர்கள் அவனைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நல்லவன், வல்லவன் என்று எழுதினால் அவனைத் தெரிந்த நீங்களே சிரிப்பீர்கள். அவனோடு கொஞ்ச நேரம் இருந்தால் யாருக்கும் தலைவலி வரும். திருவொற்றியூர் பள்ளிக்கூடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தத் தலைவலியோடு வாழ்ந்தவன் நான். ஆகவே ஒரே ஒரு பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. என் தங்கை செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் அண்ணன் அதற்குச் சில வருடங்கள் முன்பே வீட்டை விட்டுப் போனவர். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்தவரைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர்தான். பாம்பனில் ஒரு விசைப்படகில் வேலை செய்கிறார் என்பதே கடலுக்குப் போகிறவர்கள் மூலம் ஏழுமலை காதுக்கு வந்து, அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "அண்ணன் வந்து நிக்காம நான் மணையில குந்த மாட்டேன்" என்று செல்வி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். அண்ணனை அழைத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது. தனியாகப் போய் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. போயும் போயும் ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

எழும்பூரில் ரயில் ஏறினால் மறுநாள் பாம்பன். இதைச் சொன்னதற்கு அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ரயில்ல போனா இன்னாத்த மாமு பாப்ப? கரையோரமாவே போவோம். எங்க காட்டுப்பள்ளியும் தீவு, பாம்பனும் தீவு. தீவுலர்ந்து தீவுக்கு ரோட்லயே போனோம்னு சொன்னா எப்டி இருக்கும்!"

காட்டுப்பள்ளி அவன் அம்மாவின் ஊர். எண்ணூர் கழிமுகத்தைப் படகில் தாண்டிப் போக வேண்டும். தெற்கே போக வேண்டிய நாங்கள் முதலில் வடக்கே படகேறி, அந்த மணலில் கால் வைத்துவிட்டு, திரும்பி வந்து, பிறகுதான் புறப்பட்டோம். பாதி நாள் எண்ணூரிலேயே போயிற்று. பர்மா பஜாரில் வாங்கிய இரண்டு முதுகுப்பைகள் வேறு. வெள்ளைக்காரர்கள் சென்ட்ரலில் அப்படித்தான் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்களாம். என் பையில் கல்யாணப் பத்திரிகையும் அண்ணனுக்கு எடுத்த பட்டு வேட்டியும் இருந்தன. அவன் பையில் ஒரு மாற்றுச் சட்டை, மீதி முழுக்கக் கருவாடு. புதுச்சேரி போய்ச் சேருவதற்குள் பஸ்ஸில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த சீட்டுகள் காலியாகிவிட்டன.

கடலூரைத் தாண்டி ஓர் ஊரில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். எதிரே கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையை, இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு பிடித்துக் கரைக்குக் கொண்டுவருகிற வேலை. நான் டீயை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், ஏழுமலை அந்த வரிசையில் நிற்கிறான். கூப்பிட்டேன். கத்தினேன். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"கயித்துல கைய வச்சாச்சு மாமு. வலை கரையேறாம வுட்டுட்டுப் போனா அசிங்கம்" என்றான்.

"உன்னை யார்டா வைக்கச் சொன்னது?"

"ஆள் பத்தாம இஸ்துகினு கீறாங்க. பாத்துகினு சும்மாவா நிக்கறது?"

"செல்வி கல்யாணம்டா!"

"கல்யாணம் இன்னிக்கா? வா, நீயும் புடி."

பஸ் போய்விட்டது. வலை கரையேற வெகுநேரம் ஆயிற்று. கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு என்பதால் அவனுக்கும் ஒரு கூடை மத்தி மீன் கொடுத்தார்கள். அதோடு ஏறிய அடுத்த பஸ்ஸில் கண்டக்டர் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டார். இன்றைக்குக் கேட்டாலும் நான் அந்தக் கண்டக்டர் பக்கம்தான்.

அதற்கப்புறம் வந்த கரைகளிலும் இதே கூத்து. வேதாரண்யத்தில் உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு போனபோது நான் அவனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தேன். அது அவனுக்குத் தெரியவே இல்லை. அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தான். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. "பாத்தியா, தீவு!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தான்.

அண்ணன் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். கறுத்து, பாதியாகிப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தார். பத்திரிகையை நீட்டினேன். அப்பாவின் பெயரைப் பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு அந்த வூட்ல சோறு இல்லன்னு சொன்னவரு அவரு. செல்வி நல்லா இருக்கட்டும். நீ கெளம்பு."

கெஞ்சினேன். அழுதேன். கடைசியில் ஏதேதோ கத்திவிட்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். ஏழுமலை பின்னால் வருவான் என்று பார்த்தால் வரவில்லை. திரும்பிப் போனேன். அண்ணனின் குடிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

கல்யாணத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. குழம்பில் புளி ஜாஸ்தி என்றான். அண்ணனின் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஊர்க் கதை பேச ஆரம்பித்தான். யார் படகு உடைந்தது, யார் யாரோடு சண்டை, எந்தக் கடையில் பரோட்டா சரியில்லை என்று ஓயாமல் பேசினான். அதற்கு நடுவில், "உங்க நைனா இப்பல்லாம் தனியாத்தான் குந்தி துன்னுது. யாரும் பக்கத்துல இருந்தா தட்டுல கையே வைக்கறதில்ல" என்றான். அண்ணன் தட்டுகளைக் கழுவ எடுத்துப் போனார். அவன் நிறுத்தாமல் பரோட்டாவுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் எழுந்ததும் டீ நன்றாக இல்லை என்றான். அண்ணன் படகுக்குப் போனால் கூடவே போய், அவர் போட்ட முடிச்சையெல்லாம் நொட்டை சொன்னான். "எப்பதான்டா கெளம்புவ?" என்று அண்ணன் கேட்டார்.

"நீ எப்ப கெளம்புறியோ அப்ப. எனக்கு இன்னாண்ணா அவசரம்?"

சாயங்காலம் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "இந்தப் பேஜார ஊர்ல கொண்டுபோய் வுடறதுக்காவது நான் வந்துதான் ஆவணும். என்னால முடியலடா" என்றார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார்.

திரும்பும்போது ரயில்தான். ஏழுமலை அதற்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வீட்டு வாசலில் போய் நின்றோம். அப்பா பந்தலில் நின்றிருந்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்துக் கத்தினார்: "ஏன்டா, அவன இட்டுகினு வர உனக்கு இவ்ளோ நேரமா?" அன்று மத்தியானம் அப்பாவும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்தப் பயணத்துக்காக நான் ஏழுமலைக்கு நன்றி சொன்னதில்லை. சொல்ல நினைக்கும்போதெல்லாம் அவன் வேறு ஏதாவது செய்து என்னைக் கடுப்பேற்றிவிடுவான். இப்போதும் அவன் மேல் எனக்குக் கோபம்தான். அதை யாரிடம் போய்க் காட்டுவது?

அவனை எரித்துவிட்டுத் திரும்பினோம். பக்கத்தில் நடந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீடு வரைக்கும் விடவில்லை. அப்பாவும் இல்லாத இந்த நாளில் எனக்கென்று ஓர் அண்ணன் இருக்கிறார். ஏழுமலை எனக்கு விட்டுப்போனது அவரைத்தான்.