நனைந்த தீப்பெட்டியும் ஆத்தங்குடிக் கல்லும்

போன வாரம் கோயம்புத்தூரில் ஒரு கைபேசிக் கடையில், சார்ஜர் செருகும் இடத்தை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயப்பற்று வைத்தபோது மெல்லிய புகை எழுந்து என் பக்கம் வந்தது. சாம்பிராணியை யாரோ கோபத்தில் தீய்த்துவிட்டது போன்ற வாசனை. உங்களுக்கு மல்லிகையோ முதல் மழையோ போதுமாக இருக்கலாம். என் கண் கலங்குவதற்கு ஈயம் வேண்டியிருக்கிறது. "புகை ஒத்துக்கலையாக்கா?" என்று அவர் மின்விசிறியைத் திருப்பிவைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். காரைக்குடி சாதிக் அண்ணன் கடையை அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது?

அப்போது காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மாடியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். முதல் வேலை. மாடிப்படிக்குக் கீழே சாதிக் அண்ணனின் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் வாடகைக்கு விடுவார். ஆம்ப்ளிபயர் ரிப்பேரும் பார்ப்பார். சரிசெய்ததைச் சோதித்துப் பார்க்க எப்போதும் ஒரே குழுவின் பாட்டைத்தான் போடுவார். அயர்லாந்துக்காரர்கள் நான்கு பேர். குழுவின் பெயர் வெட் மாட்ச்பாக்ஸ், நம் பாஷையில் நனைந்த தீப்பெட்டி. கல்லூரி விடுதியில் நான் போர்வைக்குள் ஒளிந்து கேட்ட குழு. வேலைக்குச் சேர்ந்த அன்று படியிறங்கும்போது அந்த கிதார் அலறலைக் கேட்டு டிபன் பாக்ஸைத் தவறவிட்டேன்.

பிள்ளையார்பட்டியிலிருந்து ஆம்ப்ளிபயரை எடுத்துப்போக வந்திருந்த பெரியவர் ஒருவர் பாட்டை முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பாய், ரிப்பேரு முடிஞ்சிருச்சா, இல்ல இனிமேத்தான் பாக்கப் போறீகளா?" என்றார்.

அந்தக் கடையில் கூடிய ரசிகர்களில் மூன்றாவது ஆள் விசாலம் ஆச்சி. ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைத்துவிடாதீர்கள். செட்டியார் வீடுகளில் கல்யாணமான பெண்கள் எல்லாருமே ஆச்சிதான். இவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. கணவரோடு பல வருஷம் பினாங்கில் இருந்துவிட்டு, அவர் காலமானபின் ஊருக்கு வந்தவர். மகன் விட்டுப்போன சிடிக்களைக் கேட்டுப் பழகி, கடைசியில் மகனைவிடப் பெரிய ரசிகையாகிவிட்டார். "சாமி கும்புடுறப்பக்கூட மனசு எங்கிட்டெங்கிட்டோ போகுதாத்தா. இந்தப் பய கத்துறப்பதான் ஒரு எடத்துல நிக்கிது" என்பார் என்னிடம்.

மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு அந்தக் குழு வருஷக்கணக்காக வாயே திறக்கவில்லை. ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஓர் அரட்டை மன்றம் இருந்தது. உலகம் முழுக்க வேலைவெட்டி இல்லாதவர்கள் கூடும் இடம். அங்கே படித்ததை நான் மாலையில் கீழே வந்து சொல்லுவேன். ஈயப் புகையில் உட்கார்ந்து மூவரும் அலசுவோம்.

ஒருநாள் குழுவின் இணையப் பக்கத்தில் ஒரு படம் வந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட தரை, ஓரத்தில் ஒரு வெறுங்கால். கீழே 'விரைவில்' என்று ஒரே சொல். அவ்வளவுதான். நான் அதை அச்செடுத்துக்கொண்டு படியில் ஓடி வந்தேன்.

ஆச்சி கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். "இது ஆத்தங்குடிக் கல்லுல்ல? எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல இதே பூவுதான்."

சாதிக் அண்ணன் உருப்பெருக்கியை எடுத்தார். "மூலைல ஒரு கல்லு கீறியிருக்கு பாருங்க. குழுவுல ஒருத்தன் வெளிய போறான்னு அர்த்தம்."

"கல்லு கீறுனா ஆளு போயிருவானாண்ணே?"

"சும்மா கீறுன கல்லையா டீச்சர், போட்டா எடுத்துப் போடுவாய்ங்க?"

நான் மாடிக்கு ஏறினேன். இது காரைக்குடிப் பக்கத்துக் கல் என்று மன்றத்தில் எழுதினேன். மறுநாள் மன்றம் பற்றி எரிந்தது. குழு இந்தியாவில் ஒளிந்திருந்து ஒலிப்பதிவு செய்கிறது என்றார் ஒரு பிரேசில்காரர். காரைக்குடி என்றால் என்ன பொருள் என்று இன்னொருவர் கேட்டார். காரை என்றால் சுண்ணாம்புக் காரை, குடி என்றால் குடியிருப்பு, குடிப்பதையும் அப்படித்தான் சொல்லுவோம் என்று வெள்ளந்தியாக விளக்கினேன். சாயங்காலத்துக்குள் ஆல்பத்தின் பெயர் 'சுண்ணாம்பு குடித்தவன்' என்று முடிவாகிவிட்டது. அட்டைப்படம்கூட ஒருவர் வரைந்துவிட்டார்.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் நடந்தவரை சரி. ஒருநாள் காலையில் கடை வாசலில், முதுகுப்பையோடு ஆறடி உயரத்தில் ஒருவர் வந்து நின்றார். போலந்துக்காரர், பெயர் மாரெக். மன்றத்தில் என் பதிவைப் படித்து வேலையை விட்டுவிட்டு வந்தவர், தெருவில் அந்தப் பாட்டு கேட்டதும் அங்கேயே நின்றிருந்தார். "பாடகர் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாதிக் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி, "மொதல்ல சாப்புடட்டும்" என்றார்.

மாரெக் ஆச்சி வீட்டில் தங்கினார். வந்த அன்றே இரண்டாங்கட்டுத் தரையில் குப்புறப் படுத்து, கையில் இருந்த படத்தோடு ஒவ்வொரு கல்லாக ஒப்பிட்டார். வீடு பெருக்க வந்த அம்மா அவரைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஓர் ஆட்டோக்காரர் சேதி கொண்டுவந்தார். "மானகிரில ஒரு பெரிய வீட்டுல லைட்டெல்லாம் போட்டுப் படம் புடிக்கிறாக. வெள்ளக்காரரு ஒருத்தரு இருக்காரு, முடியெல்லாம் வளத்துக்கிட்டு." அந்த ஆட்டோவிலேயே நால்வரும் கிளம்பினோம். ஆச்சி பட்டுச்சேலை கட்டியிருந்தார். மாரெக் அந்தத் தரைப் படத்தை மடியில் விரித்துவைத்திருந்தார்.

அங்கே எடுத்துக்கொண்டிருந்தது சேமியா விளம்பரம். சேமியாவைச் சாப்பிட்டு மெய்மறக்க வேண்டிய நீளமுடி வெள்ளைக்காரர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட, இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மாரெக்கைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார். என்ன ஏதென்று நாங்கள் விளக்குவதற்குள் மாரெக்குக்கு வேட்டி கட்டிவிட்டார்கள். வாய்க்கு வாய் 'ஆகா' சொல்ல வேண்டும். அவருக்கு 'ஆக்கா'தான் வந்தது. ஆச்சி கேமராவுக்குப் பின்னால் நின்று, "வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி, ஆஆகா!" என்று சொல்லிக்கொடுத்தார். திரும்பும் வழியில் மாரெக் சன்னமான குரலில், "அவர்கள் அங்கே இல்லை" என்றார். சேமியாவைப் பார்த்ததுமே எங்களுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் அப்போதுதான் அதை நம்பினார்.

மறுநாள் மன்றத்தில் உண்மை வந்து கிடந்தது. குழுவில் பாஸ் கிதார் வாசிப்பவர் விலகிவிட்டார். தரைக்கல் வியாபாரம் ஆரம்பிக்கிறார். படம் அவருடைய கடையின் தரை. கல், தென்னிந்தியாவில் ஒரு கிராமத்திலிருந்து வரவழைத்தது. விரைவில் வருவதாகச் சொன்னது கடைத் திறப்பு விழா.

"ஒருத்தன் வெளிய போறான்னு நாஞ் சொன்னேன்ல!" என்று சாதிக் அண்ணன் துள்ளினார்.

"நம்மூருக் கல்லுன்னு நானுந்தான் சொன்னேன்" என்றார் ஆச்சி.

இருவரும் ஜெயித்துவிட்ட முகத்தோடு நின்றார்கள். "அப்படியானால் ஆல்பம்?" என்று மாரெக் கேட்டார். இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். போன வருஷம் அம்மா இறந்துபோனதையும், அதன்பிறகு காலையில் எழுந்திருக்க இந்த ஆல்பம் ஒன்றே காரணமாக இருந்ததையும் அப்போதுதான் சொன்னார். நான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியும். சாதிக் அண்ணனுக்கு அவர் முகமே போதும்.

"சரி, அவய்ங்க போடலேன்னா என்ன? நாம போடுவம்" என்றார் ஆச்சி.

அன்று சாயங்காலம் ஆச்சி வீட்டு முற்றத்தில் சாதிக் அண்ணன் கல்யாண ஸ்பீக்கர்களை இறக்கினார். பழைய மூன்று ஆல்பங்களையும் ஒலிக்கவிட்டோம். எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்ன விசேசம் ஆச்சி?" என்று கேட்டார். "தீப்பெட்டி விசேசம்" என்று பதில் போனது. பிறகு நாலாவது ஆல்பத்தை நாங்களே கட்டினோம். ஆளுக்கொரு பாட்டு. தலைப்புச் சொல்ல வேண்டும், எப்படித் தொடங்கும் என்று வாயால் வாசித்தும் காட்ட வேண்டும். மாரெக்கின் பாட்டு நீளமான மழையோடு தொடங்கியது. சாதிக் அண்ணன் பாட்டில் முதலில் மைக் டெஸ்டிங். நான் அலறல் ஒன்றை முயன்று இருமினேன். ஆச்சி கண்ணை மூடி மெல்ல முனகினார். கிதாருக்கான மெட்டுத்தான். ஆனால் அதில் தாலாட்டு மாதிரி என்னவோ இருந்தது. மாரெக் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இன்று அந்த மன்றம் இல்லை. முகவரியைத் தட்டினால் எடை குறைக்கும் மாத்திரை விற்கிறார்கள். மைக் செட் கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். சாதிக் அண்ணன் சார்ஜாவில் இருக்கிறார். ஆச்சி காலமாகி நாலு வருஷமாகிறது. அதைச் சொல்லி நான் போட்ட சேதிக்கு மாரெக் ஒற்றை வரி பதில் அனுப்பினார், போலிஷ் மொழியில்.

சாதிக் அண்ணன் எப்போதாவது போனில் கூப்பிடுவார். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். ஆச்சியின் மெட்டு மேலே ஏறித்தான் தொடங்கியது என்பேன். "இல்ல டீச்சர், கீழ எறங்கும்" என்பார் அவர். இருவரும் மாறி மாறி முனகிப் பார்ப்போம். இரண்டும் அது இல்லை என்று இருவருக்குமே தெரிந்துவிடும்.