பால் பிடிக்காத கதிர்

எங்கள் கரமனை வாடகை வீட்டின் வாசல் நிலைக்கு மேலே ஒரு நெற்கதிர்க் கொத்து தொங்குகிறது. ஆடி மாதம் புத்தரி என்னும் புதுநெல் பண்டிகைக்கு ஒவ்வொரு ஆண்டும் புதுக்கதிர் கட்டி, பழையதை ஆற்றில் விடுவது வழக்கம். இந்த ஒன்றை மட்டும் நான் எடுக்கவில்லை. புதியதை இதன் பக்கத்தில் கட்டுகிறேன். குருவிகள் புதியதைச் சில நாளில் காலி செய்துவிடும். பழையதை ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். இது என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தன் வயலில் அறுத்துத் தந்தது.

அத்தான் நாஞ்சில் நாட்டிலிருந்து இங்கே ஓட்டல் வேலைக்கு வந்தவர். பல வருடம் தோசைக்கல் முன்னால் நின்றபின், கரமனை ஆறு கடலை நெருங்கும் தாழ்ந்த பகுதியில் கொஞ்சம் வயலைக் குத்தகைக்கு எடுத்தார். "இனி அடுத்தவன் அடுப்புக்கு முன்னால நிக்க மாட்டேன், மாப்ள" என்றார். ஒரு விளைச்சல் தவறினாலும் மறுபடி கூலிவேலைதான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் பழவங்காடியில், பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய் விற்கிற கடையில் நிற்பவன். எனக்குப் பேச்சு அதிகம் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்னால் வரப்பில் நடப்பது பிடித்திருந்தது. கதிர் வந்த நாட்களில், நடந்துகொண்டே ஏதாவதொரு மணியைக் கட்டைவிரல் நகத்தால் நசுக்குவார். வெள்ளையாகப் பால் கசிந்தால் வேட்டியில் துடைத்துக்கொண்டு நடப்பார். அடுத்த வரப்பிலும் அதே. "இப்படியே பாத்துட்டிருந்தா அறுக்க என்ன மிஞ்சும்?" என்று அக்கா கேட்பாள்.

ஆறு கடலில் சேரும் வாயைக் கடல் மணலைக் குவித்து அடைத்துவிடும். அந்த மணல்திட்டைப் பொழி என்பார்கள். அது அடைந்திருக்கும்வரை வாய்க்காலில் நல்ல தண்ணீர். அந்த ஆண்டு, வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழையில் ஆறு பொங்கி, கரையோர வீடுகளுக்குள் ஏறியது. ஊர்க்காரர்கள் கூடிப் பொழியை வெட்டினார்கள். வெட்டாமல் எப்படி இருக்க முடியும்? பிள்ளைகளைக் கட்டில்மேல் உட்காரவைத்திருந்தார்கள். அத்தானும் மண்வெட்டியோடு போனார். வெள்ளம் வடிந்தது. அதோடு மழையும் நின்றுபோனது. ஆற்றின் வேகம் குறைந்ததும், திறந்துவிட்ட அதே வழியில் கடல் உள்ளே வந்தது. பயிர் கதிர் விடும் நேரம். வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

அத்தான் வாய்க்காலில் ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். "கொஞ்சம் கரிக்கி. அவ்வளவுதான்."

அக்காவும் அள்ளிப் பார்த்தாள். "அப்போ இந்த வருசம் சோத்துக்கு உப்பே போடாண்டாம்."

"பயிருக்கு நாக்கா இருக்கு? தண்ணி இல்லன்னா நாளைக்கே காயும். இதக் குடுத்தா நாலு நாள் நிக்கும். அதுக்குள்ள மழை வரும்."

மோட்டாரைப் போட்டார். நான் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டேன். பார்க்க அது மற்ற தண்ணீர் மாதிரியேதான் இருந்தது.

மழை வரவில்லை. முதலில் இலை நுனிகள் வெளுத்தன. பிறகு தீய்ந்தாற்போல் சுருண்டன. ஆனாலும் கதிர் வந்தது. எல்லாம் நேராக, விறைப்பாக நின்றன. விவரம் தெரியாத எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. பக்கத்து வயலில் களை பறிக்கும் சேச்சிதான் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, கதிரு தலை குனிஞ்ஞில்லல்லோ?"

"என் மச்சினனப் பக்கத்துல நிறுத்தப்போறேன் சேச்சி. அவனப் பாத்துக் குனியப் படிக்கும்."

சேச்சி சிரித்தாள். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். அந்த வாரம் புத்தரி. அத்தான் ஒரு கொத்து அறுத்து, வாழைநாரால் கட்டி என் கையில் தந்தார். "வாசல்ல கட்டு. சோத்துக்குக் குறைவு வராது." அன்று அவர் ஒரு மணியைக்கூட நசுக்கிப் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு வரப்பின் கடைசிவரை நடந்து திரும்பினார். நான் அதைக் கவனித்தேன்.

அறுவடை என்று ஒன்று நடக்கவில்லை. அத்தனையும் பதர். சேச்சி தன் மாட்டை அவிழ்த்துவிடட்டுமா என்று கேட்டபோது அத்தான் "ம்" என்றார். பிறகு விழிஞ்ஞத்தில் கம்பி கட்டும் வேலைக்குப் போனார். யாரும் அழுததாக நினைவில்லை. ஒருநாள் அக்கா குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். நானும் அன்று அங்கே சாப்பிட்டேன். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்தது. அத்தான் தட்டைக் காலி செய்துவிட்டுக் கைகழுவப் போனார். கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த அக்கா ஒரு வாய் வைத்ததும் அவர் போன பக்கம் பார்த்தாள். உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

இப்போதும் பொழி அடைகிறது, வெட்டுகிறார்கள். வயல் இருந்த இடத்தில் கோரை நிற்கிறது. போன வாரம் வேலை முடிந்து வரும் வழியில் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் நிலை தாழ்வானது. எப்போதும் குனிந்து நேரே உள்ளே வந்துவிடுவார். அன்று வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். கையை உயர்த்திப் பழைய கொத்திலிருந்து ஒரு மணியை உருவி, கட்டைவிரல் நகத்தால் நசுக்கினார். உமி இரண்டாகப் பிளந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை ஊதிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

"சோறு ஆயிட்டா, மாப்ள?"

"ஆயிட்டு அத்தான்" என்றேன்.