சூசையின் நாடி ஐம்பத்திரண்டு

இன்று காலை தேங்காய்ப்பட்டணத்தில் மருந்துக்கடையில் சூசையைப் பார்த்தேன். ஒரு காலத்தில் எங்கள் ஊர் ஃபுட்பால் டீமில் அவன் ஃபார்வர்டு, நான் கோலி. இப்போது இரண்டு பேரும் ஹார்ட் அட்டாக் வந்து பிழைத்தவர்கள். இருவருக்கும் நாடி வேகத்தைக் குறைத்து வைக்கும் ஒரே பீட்டா பிளாக்கர் மாத்திரை.

நான் அதை வாங்குவதைப் பார்த்துச் சிரித்தான்.

“நான் நிறுத்தியாச்சு மக்கா. சும்மா இருக்கும்போ நாடி ஐம்பத்திரண்டுதான் இருந்தது. பந்து களிக்கியவனுக்கு அப்படித்தான் இருக்கும். எனக்க பழைய நெஞ்சு திரும்பி வந்தாச்சு.”

“லேய், அது மாத்திரை புடிச்சு வச்சிருந்த ஐம்பத்திரண்டு. டாக்டர்ட்ட கேட்டியா?”

“அவருக்குப் பந்துகளியப் பத்தி என்ன தெரியும்?”

அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரலுக்கடியில் நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

“வண்டியில ஏறு, இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன்.

“அது உன்னக் கண்ட சந்தோஷம்லே” என்று கையை உருவிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் திருவிழா மேட்சில் ஆடப் போகிறானாம். என்னையும் கோல் போஸ்ட்டில் நிற்கச் சொல்கிறான்.

மேட்ச் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவன் பெயரை எடுத்துவிடுங்கள். காட்டிக்கொடுத்தது நான்தான் என்றே அவனிடம் சொல்லுங்கள். வந்து என்னைத் திட்டட்டும்.

திட்டுவதற்கு அவன் இருக்கட்டும்.