சஹனைச் சுற்றி மூன்று பேர்

உட்கார்ந்த இடத்தில் அரைமணி நேரம் இருப்பது எனக்கு வராது. ரயிலில் இருக்கை கிடைத்தாலும் கதவோரம் போய் நின்றுகொள்வேன். கொழும்பிலிருந்து சிலாபம் வரை அப்படித்தான் வந்தேன். மீன் சந்தையைச் சுற்றிப் பார்க்க இறங்கி, பிறகு பஸ் பிடித்து மதுரங்குளி. அங்கே பால் சேர்க்காத ஒரு பிளேன்டீயும் மாலு பாணும். மீனையும் உருளைக்கிழங்கையும் மிளகோடு பிசைந்து உள்ளே வைத்துச் சுட்ட அந்த முக்கோணப் பாணுக்காகவே இன்னொரு முறை கடல் தாண்டலாம். கற்பிட்டிப் பாதையில் திரும்பியதும் உப்பளங்கள், நடுரோட்டில் யோசனையோடு நிற்கும் கழுதைகள். தூத்துக்குடிக்காரனுக்கு உப்பு புதிதல்ல. கழுதைகள் யோசித்து முடிக்கும்வரை பஸ் காத்து நின்றதுதான் புதிது.

நான் பார்க்கப் போன நண்பரும் நானும் கத்தாரில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஊர் திரும்பிய அவர், கண்டக்குழிக் கடற்கரையில் மனைவியின் குடும்பக் காணியில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் குடில்கள் கட்டினார். சுற்றி வேலி போட்டார். அந்த வேலி, மனைவியின் அண்ணன் தன் படகைக் கரையேற்றும் வழியை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மச்சான்மார் இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் செருப்பைப் பார்ப்பார்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே இதையெல்லாம் நண்பரின் மனைவி சொல்லிவிட்டார். இந்தியாவிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார், பகல் சாப்பாட்டுக்கு வாங்க என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியும் இருந்தார். விருந்தாளியின் பெயரில் போன அழைப்பைத் தட்ட முடியாதாம். பெருநாளுக்கும் வராதவர் இன்றைக்கு வந்து கைநனைத்துவிட்டால் போதும். வந்தும் சாப்பிடாமல் போய்விட்டால், பிறகு கூப்பிட ஒரு சாக்கும் இருக்காது என்றார்.

அண்ணன் வந்தார். எனக்குக் கைகொடுத்தார். நண்பர் இருந்த பக்கம் திரும்பியபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாய் விரித்து, நடுவில் சஹன் வந்தது. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு; எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் முன்னால் இருப்பதை அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட வேண்டும். நெய்ச்சோறு, பொரித்த கோழி, பாரைமீன் கறி, அச்சாறு. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழுந்து போவது மரியாதை இல்லை. நான் உட்காரும்போது நண்பரின் மனைவி குரலைத் தாழ்த்தினார். அண்ணனை அவர் நானா என்றுதான் சொல்வார்.

"நீங்க கெதியா எழும்பிடாதீங்க. நீங்க எழும்பினா நானாவும் எழும்பிடுவாரு."

அண்ணன் கொஞ்சம் கொறித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். விரல்கள் சோற்றில், கண் வாசலில். நான் சாப்பிட்டேன். என் முன்னால் சோறு குறையக் குறைய கதவுத்திரைக்குப் பின்னாலிருந்து அகப்பை வந்தது. பாரையின் முள்ளை ஒவ்வொன்றாக, நகை செய்பவனைப் போல, பிரித்து வைத்தேன். கால் மரத்துப்போனது. வெளியே நான் பார்க்க நினைத்திருந்த கற்பிட்டிக் கோட்டை கூப்பிட்டது, காற்று கூப்பிட்டது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கட்டிய அந்தக் கோட்டையிலிருந்து ஒரு சுரங்கம் போகிறதாமே என்று கேட்டேன்.

அது ஒல்லாந்தர் தேவாலயத்துக்குப் போகிறது என்று நண்பர் என்னைப் பார்த்துச் சொன்னார். கடலுக்குப் போகிறது, தப்பி ஓட வெட்டியது என்று அண்ணனும் என்னைப் பார்த்தே சொன்னார். தப்பி ஓடுகிறவன் கும்பிட்டுவிட்டு ஓடமாட்டானா என்று கேட்கச் சொன்னார் நண்பர். ஒல்லாந்தனுக்கு இருந்த புத்தி உங்கள் கூட்டாளிக்கு இல்லை என்று சொல்லச் சொன்னார் அண்ணன். நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினேன். சேதி சொல்ல வாயில் இடமில்லை.

"ஒல்லாந்தன் கோட்டையே கட்டினான், கடலுக்கு வழி விட்டான்" என்றார் அண்ணன். "இவரு நாலு குடில் கட்டி வழிய அடச்சிட்டாரு."

திரைக்குப் பின்னால் அகப்பைச் சத்தம் நின்றது. நண்பர் கோழியின் தொடையைப் பிய்த்து, சஹனில் அண்ணனின் பக்கத்தில் வைத்தார்.

"வழிதானே மச்சான். எவ்வளவு அகலம் வேணும்?"

அண்ணன் கோழியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கையில் எடுத்தார்.

"திண்டுட்டுக் கதைப்போம்."

இனிப்புக்கு வட்டிலப்பம் ஈக்கி நானா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொண்டா. இந்த மனுசனுக்குச் சோறு போடுறத நிப்பாட்டு, மூச்சு முட்டுது அவருக்கு."

அன்று மாலை நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தபோது கோட்டைக்குள் விட முடியாது, நேரம் முடிந்தது என்று கடற்படைக்காரர் சொல்லிவிட்டார். பவளக்கல் மதிலை வெளியிலிருந்து தடவிப் பார்த்தேன். எங்கள் ஊரில் கடலிலிருந்து எழுகிற சூரியன் இங்கே கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான்மார் இருவரும் சுரங்கத்தின் வாய் எந்தப் பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் கைகாட்டினார்கள்.

மறுநாள் காலை கண்டக்குழியில் இருவரும் வேலிக் கம்புகளைப் பிடுங்கினார்கள். ஒரு படகு போக இது போதும் என்றார் நண்பர். படகைத் தள்ளுகிறவர்கள் பறந்தா வருவார்கள் என்றார் அண்ணன். நண்பரின் மனைவி தேத்தண்ணிப் போத்தலை மணலில் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, அடுத்த கம்பைத் தன் கையாலேயே அசைக்கத் தொடங்கினார்.