தட்டு மாற்றும் முன்

பெரியம்மா காலமானபோது பத்திரிகைகளில் வந்த அஞ்சலிக் குறிப்புகளில் எல்லாம் அவள் போய்வந்த நாடுகளின் பெயர்கள் இருந்தன. வெள்ளம், கலவரம், எல்லைச் சண்டை என்று எங்கே என்ன நடந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற நிருபர் என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் அவள் நின்ற இடங்களிலேயே ஆபத்தானது எது என்று என்னைக் கேட்டால், சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு உள்ளறையைத்தான் சொல்வேன். அப்போது நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா, மாமா, சித்தி மூவருக்கும் மூத்தவள் அவள். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவள்தான். டெல்லியில் இருந்தாலும் எங்கள் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறப்போடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவளிடம் போனில் உத்தரவு வாங்கியாக வேண்டும். கடைசியாக மிச்சமிருந்தது சித்தியின் கல்யாணம். புளியங்குடி மாப்பிள்ளை. போட்டோவைப் பார்த்ததிலிருந்து சித்தி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

நிச்சயதாம்பூலத்துக்குச் சில நாள் முன்பே பெரியம்மா வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். திருவேங்கடம் பக்கம் ஒரு கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் சிவப்பாக வருகிறது, பிள்ளைகளுக்கு மேலெல்லாம் புண் என்று யாரோ சொல்ல, நாங்கள் ஜவுளிக்கடையில் இருந்த நேரத்தில் அவள் டவுன் பஸ் ஏறிப் போய்விட்டாள். ஓடையில் கழிவைத் திறந்துவிடும் சாயப்பட்டறை யாருடையது என்றும் விசாரித்துவிட்டாள். அது மாப்பிள்ளையின் பெரியப்பாவுடையது. அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வீடே ஆடிப்போனது. கல்யாணம் முடியட்டும், பிறகு எழுது என்றார் மாமா. எழுதினாலும் பெயரைப் போடாதே என்றாள் அம்மா. பெரியம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பற்றி எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன் அந்த ஆளிடமே போய், உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள், உங்கள் பதில் என்ன என்று கேட்டுவிடுவாள். மந்திரியானாலும் கொள்ளைக்காரனானாலும் இதே முறைதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை நாங்கள் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். சம்பந்தி வீட்டாரிடமும் அதையே காட்டுவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமாவும் அம்மாவும் மாறி மாறிக் கெஞ்சியபோது அவள் பேசாமல் வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சம்மதித்துவிட்டாள் என்று மாமா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. கூடம் நிறைய ஜனம். பழமும் பூவும் தேங்காயும் வைத்த தட்டுகள் நடுவில் இருந்தன. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தத் தட்டுகளை மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதி. அதன் பிறகு பெண் வீட்டார் பின்வாங்குவதென்பது எங்கள் பக்கத்தில் கேள்விப்படாத காரியம். நல்ல நேரம் போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். அப்போது பெரியம்மா எழுந்து, மாப்பிள்ளையின் பெரியப்பாவை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

பூக்கூடைக்குக் காவலாக என்னை உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது. அவர் சிரித்த முகக்காரர். வந்ததும் என் கன்னத்தைத் தட்டினார். பெரியம்மா கிணற்றைப் பற்றியும் பிள்ளைகளின் புண்களைப் பற்றியும் சொல்லி, தான் எழுதப்போவதாகவும் அவருடைய பதிலையும் சேர்த்தே போடுவதாகவும் சொன்னாள். அவர் கோபப்படவே இல்லை.

"மொதல்ல தட்ட மாத்துவோம் தாயி. அப்புறம் உங்க தங்கச்சி எங்க வீட்டுப் பிள்ளைலா? எழுதணுமா வேண்டாமான்னு நீங்களே யோசிப்பிய."

எவ்வளவு தங்கமான மனிதர் என்று நான் நினைத்தேன். பெரியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்படின்னா தட்டு மாத்த வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.

வேன் திரும்பிப் போனதும் மாமா பெரியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திட்டினார். பேருக்காகவும் புகழுக்காகவும் கூடப் பிறந்தவளின் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்றார். அம்மா அழுதுகொண்டே தட்டுகளை உள்ளே எடுத்து வைத்தாள். சித்தி பட்டுச்சேலையோடு வந்து நின்றாள். அவள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உனக்கு எழுதுததுக்கு ஒலகமே கெடக்கு அக்கா. எனக்கு இது ஒண்ணுதான இருந்துச்சி."

எல்லாரிடமும் பதில் கேட்கிற பெரியம்மா, தன்னிடம் கேட்டபோது சமையலறைப் பக்கம் போய்விட்டாள். சித்தி மறுபடி அவளிடம் முகம் கொடுத்துப் பேச வெகுகாலம் ஆனது.

விருந்துக்கு ஆக்கிய சாப்பாடு அண்டா அண்டாவாக இருந்தது. பெரியவர்கள் யாரும் தொடவில்லை. பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்களே என்று பெரியம்மாதான் எங்களை வரிசையாக உட்கார வைத்து, இலை போட்டு, அவியலையும் சாம்பாரையும் தானே பரிமாறினாள். எனக்கு அவள்மேல் கோபம் பொங்கிப்பொங்கி வந்தது. இதை நாளைக்குக் கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேவிட்டேன். அவள் பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் குனிந்தாள்.

"நாளைக்கிக் கேட்டா அவங்க கோவம் உங்க சித்தி மேலல்லா மக்கா விழும்" என்றாள்.

எனக்கு அது விளங்கவில்லை. எழுதப்போகிறவள் பெரியம்மா. கோபப்படுவதென்றால் அவள்மேல்தானே கோபப்படுவார்கள்? ஒரு வரிகூட எழுதாத சித்தியை, என் கன்னத்தைத் தட்டிச் சிரித்த அந்த மனிதர் எதற்காக நோகடிக்கப் போகிறார்? பெரியம்மா சாக்குச் சொல்கிறாள் என்று முடிவு செய்து, அவள் ஊற்றிய பாயசத்தைத் தொடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.