கல்லாய் நின்ற குமுதா

காவடிக் குழுவின் அழைப்பிதழில், கிள்ளான் சுகுமாறனின் படத்துக்குக் கீழே இப்படி அச்சிட்டிருந்தார்கள்: "சகல கேளிக்கைகளையும் துறந்து, மனம், வாக்கு, காயம் மூன்றாலும் கந்தனையே நினைந்து, ஒரு மண்டலம் விரதம் காக்கும் அடியார்." எல்லாருடைய படத்துக்குக் கீழேயும் அதே வரிதான். மற்றவர்களுக்கு எப்படியோ, சுகுமாறனுக்கு அது இரவல் சட்டை மாதிரி தோளிலேயே இடித்தது.

நாற்பதைத் தாண்டியவன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், விபத்துக்குள்ளான கார்க்காரர்கள் சொல்வதில் எது பொய் என்று கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். அதில் கெட்டிக்காரன் என்று பெயர். மாலையில் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து, குளித்து, சோபாவில் உட்கார்ந்தால் அவனுக்கு வேறொரு உத்தியோகம்: உலகத்தைக் காப்பாற்றுவது. படிக்கிற காலத்தில் ஆடிய பழைய ஜப்பானிய கேம் அது. நான்கு பேர் வாளும் மந்திரமும் கொண்டு ஊர் ஊராய் நடந்து அசுரர்களை ஒழிப்பார்கள். பாத்திரங்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். வாள் வீரனுக்குத் தன் பெயரையும், காயம் ஆற்றும் வெள்ளை அங்கிக்காரிக்கு மனைவி குமுதாவின் பெயரையும் வைத்திருந்தான்.

"அங்கயும் நான்தான் உங்களுக்குத் தைலம் தேய்க்கணுமா?" என்று குமுதா கேட்டிருக்கிறாள்.

அந்த உலகத்தில் நியாயம் இருந்தது. புல்வெளியில் தவளைகளை அடித்துக்கொண்டே இருந்தால் அடித்த அளவுக்குப் பலம் ஏறும். அந்த உழைப்பை எந்த மேலதிகாரியும் தன் பெயரில் போட்டுக்கொள்ள முடியாது. கிணற்றடியில் நிற்பவரிடம் எத்தனை தடவை போய்ப் பேசினாலும், முகம் சுளிக்காமல் அதே வாக்கியத்தைச் சொல்வார். சத்திரத்தில் ஓரிரவு படுத்து எழுந்தால் எல்லாக் காயமும் ஆறிவிடும்.

போன வருடம் குமுதாவின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. சோதனை முடிவுக்காக ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருந்தபோது சுகுமாறனுக்கு அந்தச் சத்திரம்தான் ஞாபகம் வந்தது. இந்த நேரத்தில் இதையா நினைப்பது என்று கூசிப்போய், அந்தக் கூச்சத்திலேயே வேண்டிக்கொண்டான். அதுவும் குமுதாவின் காதுபடவே. ஒன்றும் இல்லையென்று வந்துவிட்டால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான். விரதம் முடியும்வரை கேமைத் தொடமாட்டான்.

"காவடி எடுத்துருவீங்க. கேமுதான் டவுட்டு லா," என்றாள் அவள். பயத்திலும் கிண்டல் விடாதவள்.

சாதாரணக் கட்டி என்று முடிவு வந்தது. முருகன் தன் பங்கை முன்கூட்டியே செய்துவிட்டார். இது வேண்டிக்கொண்டவனுக்கு எவ்வளவு நெருக்கடி என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

விரதத்துக்கு மாலை போடுமுன் கடைசியாக ஒரு குகையில் ஆடினான். அங்கிருந்த பாம்பு செத்தது. சாகுமுன் வெள்ளை அங்கிக்காரியைக் கல்லாக்கிவிட்டது. கல்லை மாற்றும் மருந்து குகைக்கு அப்பால் உள்ள ஊரில்தான் கிடைக்கும். நேரமாகிவிட்டதால் அப்படியே சேமித்துவிட்டு அணைத்தான்.

விரதம் பாதி கடந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். எதற்கும் இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமாம். குமுதா சரியென்று சொல்லிவிட்டுச் சமையலைத் தொடர்ந்தாள். சுகுமாறனுக்கு மட்டும், இருட்டுக் குகையில் கல்லாய் நிற்கும் குமுதா கண்ணைவிட்டு அகலவில்லை. படித்தவன், பகுத்தறிந்து பேசுகிறவன். அது வெறும் பொம்மை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை மாலை, அவன் விரதம் குறையில்லாமல் நிறைவேற வேண்டுமென்று குமுதா கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருந்தாள். சுகுமாறன் கழுத்து மாலையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு கேமைப் போட்டான். குகையைத் தாண்டி ஊருக்குப் போய் மருந்து வாங்கினான். கல் நிறம் மாறி வெள்ளை அங்கி அசைந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கேயே அணைத்திருந்தால் முருகனிடம் வாதாட ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த ஊர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. கப்பல் எங்கே போகும் என்று பார்க்காமல் எப்படி இருப்பது? அடுத்த வெள்ளியும் ஆடினான். அதற்கடுத்த வெள்ளியும். முதல் நாள் குமுதாவுக்காக. மற்ற நாள்கள் யாருக்காக என்பதைத் தனக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை. இடையில் ஸ்கேன் வந்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் காவடி கட்டும்போது, குழுத் தலைவர் நாகையா ஒவ்வொருவரிடமும் வந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது விரதக்காரர்களை ஓட்டுகிறார். குறையுள்ளவன் ஒதுங்கி நிற்க வேண்டும், அடுத்த வருடம் எடுக்கலாம் என்பது அவர் குழுவின் வழக்கம்.

"கொற ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு தம்பி. ஊசி ஏறிட்டா நான் கேக்கமாட்டேன், கொறயுள்ளவனுக்கு வர்ற ரத்தமே சொல்லிரும்."

பக்கத்தில் குமுதா திருநீற்றுத் தட்டோடு நின்றாள். வேலையில் இப்படி ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்பவனின் இழப்பீட்டுக் கோரிக்கையைச் சுகுமாறன் உடனே சந்தேகத்துக்குரியதென்று தனியாக எடுத்து வைத்துவிடுவான்.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றான்.

ரத்தம் வரும், வந்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும், ஒருவிதத்தில் நல்லதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டான். வேல் கன்னத்தில் நுழைந்தது. ஒரு சொட்டுகூட வரவில்லை. நாகையா மெச்சித் தலையாட்டினார். குமுதா கிட்டே வந்து அவன் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"உங்கள சந்தேகப்பட்டுட்டேங்க. மன்னிச்சுக்குங்க," என்றாள்.

கன்னத்தில் வேல் இருந்ததால் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையில் கன்னத்திலிருந்து வேலை உருவினார்கள். அப்போது வாய் சும்மாதான் இருந்தது.

சுகுமாறன் விரதத்தில் கேம் ஆடினான். கேட்டபோது இல்லை என்றான். காவடியைச் சுமந்து மலையேறி இறங்கி வந்து, மனைவி கேட்ட மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டான்.