லோகநாயகி சொன்ன ஆமாங்க

லோகநாயகி முதல் வருஷம் உடற்கூறியலில் தோற்றது படிக்காததால் அல்ல. அதை நம்பத்தான் ஆளில்லை. அவளே பாதி நாள் நம்பவில்லை.

ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நஞ்சுண்டன், ராசாத்தாள் தம்பதிக்கு ஒரே பெண். தமிழ் வழியில் படித்து, தொண்ணூற்று மூன்றில் கோயமுத்தூருக்கு டாக்டர் படிப்புக்கு வந்தவள். வந்த மாதமே ஊர் அவளை டாக்டரம்மா ஆக்கிவிட்டது. விடுமுறைக்குப் போனால் மூட்டு வலி, மூச்சிரைப்பு என்று ஆட்கள் வந்து நிற்பார்கள். இதுவரை பிணத்தைத் தவிர யாரையும் தொட்டதில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

வாய்மொழித் தேர்வில்தான் வினை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர். அதட்டத் தெரியாத மனிதர். மேல்கை எலும்பு ஒன்றை நீட்டி, எந்தப் பக்கத்துக் கை என்று கேட்டார். லோகநாயகி திருப்பிப் பார்த்து, வலது என்றாள். சரியான பதில். அவர் தலையைச் சாய்த்து, "இடது இல்லையாம்மா?" என்றார்.

"ஆமாங்க சார், இடதுதானுங்க" என்றாள்.

அதோடு விட்டாளா? ஏன் இடது என்று அவர் கேட்க, அதற்குக் காரணமும் சொன்னாள். இல்லாத காரணத்தைச் சொல்ல எவ்வளவு பேச வேண்டியிருக்கும்! தொட்ட எலும்பெல்லாம் அன்று தப்பாகவே போனது. அவள் எண் இல்லாமல் ரிசல்ட் வந்தது.

"தெரிஞ்சுதானே வச்சிருந்தே? அப்புறம் ஏன் புள்ள ஆமான்னே?" என்று அறைத்தோழி ஃபர்சானா கேட்டாள். கோட்டைமேட்டுக்காரி, வாய்க்கு வாய் பேசி வளர்ந்தவள்.

"அத்தனை பெரியவங்க கேக்கறப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

லோகநாயகி வீட்டில் பெரியவர்கள் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. மாமன்மார் வந்து இன்றைக்கு வியாழன் என்றால், வெள்ளிக்கிழமையானாலும் முதலில் ஆமாங்கதான். அதை மரியாதை என்றே அவள் கற்றிருந்தாள். அது தேர்வில் அறியாமையாக எழுதப்படும் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா திட்டவில்லை. "அடுத்த வாட்டி பாத்துக்கலாங் கண்ணு, சாப்புடு போ" என்றார். திட்டியிருந்தால் தேவலை. கூடப் படித்தவர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வார்டுக்குப் போக, அவள் மட்டும் தோற்றவர்கள் கூட்டத்தில் மறுபடி எலும்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். இந்த முறையும் போனால் பெட்டி படுக்கையைக் கட்டிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டாள்.

ஃபர்சானா சும்மா இருப்பாளா? பரீட்சை வைப்பவராக எதிரே உட்கார்ந்துகொண்டு, லோகநாயகி எதைச் சொன்னாலும் மறுப்பாள். மெஸ்ஸில் சாம்பாரைக் காட்டி, "ரசம்தானே இது?" என்பாள். "இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி லோகநாயகிக்கு அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போனபோது அம்மா, "களைச்சுப் போயிட்டியே அம்மணி" என்றதற்கும் இல்லீங்கதான்.

அதில் புதிதாக ஒரு குழப்பம். முன்பு எதற்கும் ஆமாம், இப்போது எதற்கும் இல்லை. இரண்டிலும் தனக்குத் தெரிந்தது என்று ஏதாவது இருக்கிறதா? பொள்ளாச்சியில் பஸ் மாறும்போது இந்த எண்ணம் பிடித்துக்கொண்டது. கோவை வரும்வரை விடவில்லை. அவளுக்குப் பயமாகவே இருந்தது.

மறுதேர்வு வந்தது. வேறு ஆசிரியர், மறுபடியும் ஒரு மேல்கை எலும்பு. லோகநாயகி வாங்கிப் பார்த்து, "வலதுங்க சார்" என்றாள்.

"இடது மாதிரி இருக்கே?"

"இல்லீங்க சார், வலதுதான்."

"நல்லாப் பாரு."

"வலதுதானுங்க சார்." குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

"எப்படிச் சொல்றே?"

எலும்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். உருண்டையான தலை மேலே, உடம்பைப் பார்த்து. கீழ் நுனியில் பெரிய பள்ளம், பின்பக்கம். சொல்லிக்கொண்டே விரலால் தடவினாள். பள்ளம் முன்பக்கம் இருந்தது. முன்னும் பின்னும் மாற்றிப் பிடித்திருக்கிறாள். திருப்பிப் பிடித்தாள்.

"தப்புங்க சார். இது இடதுங்க."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னேன்னு மாத்திக்கிறியா?"

"இல்லீங்க. பள்ளம் பின்னாடி வரோணுமுங்க. நான் திருப்பிப் புடிச்சுப்போட்டேன்."

"அப்ப நான் இப்ப வலதுன்னு சொன்னா?"

அவர் முகத்தில் இருந்தது கோபமா, விளையாட்டா, பொறியா என்று அவளுக்குப் புரியவில்லை. தேடிப் பார்க்கவும் நேரமில்லை. கையில் எலும்பு இருந்தது.

"அப்பவும் இடதுதானுங்க சார்."

அவர் அடுத்த எலும்பை எடுத்தார். அவள் பாஸானது பின்னால்தான் தெரிந்தது, அன்றைக்குத் தெரியாது. வெளியே ஃபர்சானா காத்திருந்தாள்.

"சரியாச் சொன்னியா புள்ள?"

"தப்பாச் சொன்னேன்" என்றாள் லோகநாயகி. "ஆனா தப்புன்னு எனக்கே தெரிஞ்சுதுடி." தோற்றபோது வராத அழுகை அப்போது வந்தது.